காயில்ஓவர் போட்டால் ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டி போதுமா?

கேள்வி, ஜனவரி 6, 2024

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போர்ஷே பாக்ஸ்டர், 2010 மாடல். பின் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிகிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்படியே காயில்ஓவர் (ஷாக்கும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும், உயரம் மாற்றக்கூடிய செட்) போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். வார நாளில் லூஸாக வைத்துக்கொள், ட்ராக்குக்குப் போகிற அன்று பானெட்டைத் திறந்து ஷாக்கின் திருகை நாலு கிளிக் இறுக்கு, ரேஸ் கார் ஆகிவிடும் என்கிறார்கள் பெங்களூர் நண்பர்கள். வேலூர் பக்கம் யாராவது போட்டு ஓட்டுகிறீர்களா?

ஜனவரி 6, இரவு

ஆகாது.

உங்கள் வண்டியில் பானெட்டைத் திறந்தால் பை வைக்கிற இடம்தான் இருக்கும். ஆனாலும் முன் ஷாக்கின் தலை அங்கேதான் இருக்கிறது, அந்த அளவுக்கு நண்பர்கள் சொன்னது சரி. என்னிடம் இருப்பது உங்கள் வண்டியின் கூரை போட்ட உடன்பிறப்பு, கேமன். கேடபிள்யூ கம்பெனியின் வி3 காயில்ஓவர் போட்டிருக்கிறேன். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இன்றைக்குத் தூக்கம் வருகிறது.

ஜனவரி 7

சரி, விரிவாக.

திருகைத் திருப்பினால் மாறுவது ஷாக்குக்குள் எண்ணெய் போகிற வழியின் அளவு மட்டும். ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அது ஆடி அடங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொள்வது ஷாக். நாலு கிளிக் இறுக்கினால் வளைவில் வண்டி சாய்கிற அளவு குறையாது. அந்தச் சாய்வுக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடும். ஓட்டுகிறவருக்கு அது 'டைட்' மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

கடையில் சொல்கிற பெயர்களில் குழம்ப வேண்டாம். கேடபிள்யூவில் வி1 என்றால் உயரம் மட்டும் மாற்றலாம். வி2வில் உயரத்தோடு ரீபவுண்டும் மாற்றலாம். வி3யில் ரீபவுண்ட் தனி, கம்ப்ரஷன் தனி. பில்ஸ்டீன் பி16இல் ஒரே திருகு இரண்டையும் சேர்த்து மாற்றும். ரீபவுண்ட் என்பது அமுங்கின ஸ்பிரிங் திரும்ப நீளும்போது கிடைக்கிற தடை, கம்ப்ரஷன் என்பது அமுங்கும்போது கிடைக்கிற தடை. எது எது என்பதை இப்போதே மனதில் வையுங்கள், பின்னால் சண்டை வரப்போவது இதில்தான்.

ஜனவரி 9

"ஸ்பிரிங் எவ்வளவு ஹார்டாக வாங்குவது? ட்ராக் என்றால் டபுள் போடச் சொல்கிறார்கள்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மூலையில் 300 கிலோ ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 17 நியூட்டன் தடை இருந்தால், வண்டி விநாடிக்கு 1.2 முறை ஆடும். இது சொகுசுக் கார். 27 நியூட்டன் என்றால் 1.5 முறை, ஸ்போர்ட்ஸ் கார். 47 நியூட்டன் என்றால் 2 முறை, ட்ராக் பக்கம் வந்துவிட்டோம். ஸ்பிரிங் பெட்டியில் போட்டிருக்கும் எண் சக்கரத்துக்கு முழுதாக வந்து சேராது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் கோணத்தைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும். ஷாக்கே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாக இருக்கிற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் அந்த வித்தியாசம் சின்னது. நம் இரண்டு வண்டிக்கும் முன்னும் பின்னும் மெக்ஃபர்சன்தான்.

இதில் பலர் பார்க்காமல் விடுகிற பக்கம் ஒன்று உண்டு. அதே 300 கிலோவுக்கு 17 நியூட்டன் ஸ்பிரிங் சுமார் 173 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். 47 நியூட்டன் ஸ்பிரிங் 62 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அதாவது, பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட உங்களிடம் இருப்பது 62 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஆழமான பள்ளத்தில் சக்கரம் காற்றில் தொங்கும், பிறகு எதிர்க் கரையில் போய் இடிக்கும். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் மழைக்குப் பிறகு போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஜப்பான் செட் வாங்கினால் ஸ்பிரிங்கில் கிலோ கணக்கு இருக்கும், அமெரிக்க செட் என்றால் பவுண்டு கணக்கு. 1 கிலோ/மிமீ என்பது 9.8 நியூட்டன்/மிமீ, சுமார் 56 பவுண்டு/அங்குலம். இதைப் பார்க்காமல் "என் ஸ்பிரிங் 8, உன் ஸ்பிரிங் 60" என்று மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

"பிரிலோடு ஏற்றினால் ஸ்பிரிங் ஹார்டாகும்" என்று கீழே போட்டிருப்பவருக்கு: ஆகாது. பிரிலோடு ஏற்றுவது என்றால் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலே திருகுவது. நேர் ஸ்பிரிங்கில் (எவ்வளவு அமுங்கினாலும் கடினம் மாறாதது) அப்படித் திருகினால் வண்டி உயரும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அமுக்க வேண்டிய விசை மாறாது.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து இருக்க வேண்டும். நம் வண்டியின் வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ள தூரம்) 2415 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட வளைவின் மேல் இரண்டு ஆக்ஸிலும் ஏறி நிற்கும்போது, நடு வயிற்றுக்குக் கீழே மேடு மேலெழுவது 43 மில்லிமீட்டர்தான். தாழ்த்திய கேமன்கூடத் தாண்டிவிடும்.

ஆனால் அணைக்கட்டு போகிற வழியில் ஊர்க்காரர்கள் சொந்தச் செலவில் ஒரு முழ அகலத்துக்குக் கட்டி வைத்திருப்பது வேகத்தடை இல்லை, வரப்பு. அது இரண்டு சக்கரத்துக்கு நடுவில் வரும்போது அதன் முழு உயரமும் வயிற்றுக்கு வந்துவிடும். குறுக்கே சாய்த்து ஏற்ற வேண்டும், எதிரே வருகிற டவுன் பஸ் நிற்க வேண்டும், டிரைவர் திட்ட வேண்டும். எல்லாம் சேர்த்துத்தான் உயரத்தை முடிவு செய்யணும்.

என் முடிவு: ஒரிஜினலைவிட 15 மில்லிமீட்டர் கீழே, அதோடு நிறுத்து. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் காசு வாங்காமல் எல்லாரும் சொல்கிற 'ஒரு விரல் இடைவெளி' படத்துக்கு அழகு. மெக்ஃபர்சனில் ரொம்பத் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டியின் கனமையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்கும். விளைவு, தாழ்த்திய வண்டி அதிகமாகச் சாய்கிறது! அதைச் சரிக்கட்ட ஹார்டான ஸ்பிரிங், அதற்குப் பிறகு ஹார்டான ஆன்டி ரோல் பார் (இரண்டு பக்கத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கிற கம்பி). தாழ்த்தாமலே இருந்திருந்தால் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை. பழைய ஷாக்கைக் கழற்றும் முன்பே நாலு மூலையும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

ஜனவரி 28

மாட்டின கதை.

வேலூரில் இதைச் செய்தது ஒரு லாரி மெக்கானிக். எங்கள் ஏரியாவில் அவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். போர்ஷே அவருக்குப் புதுசு, ஆனால் லீஃப் ஸ்பிரிங் கட்டிலிருந்து நெளிந்த சேசிஸ் வரை பார்த்தவர். பெட்டியைப் பிரித்துப் பளபளக்கிற குழாயைக் கையில் எடுத்தவர், "தம்பி, இதுக்குக் குடுத்த காசுல ஒரு ஆட்டோ வாங்கிருக்கலாமே" என்றார். பிறகு டார்க் ரெஞ்சை (போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) துடைத்துப் பக்கத்தில் வைத்தார். அப்போதே நிம்மதி.

அவர் செய்த ஒரு வேலையைப் பல பெரிய கடைகள் செய்வதில்லை. ஆர்ம், டிராக் ராடு போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கையால் மட்டும் மாட்டினார். பலகை அடுக்கி வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்கி, இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளி உட்கார வைத்து, கீழே படுத்துக்கொண்டு இறுக்கினார். ரப்பர் புஷ் என்பது உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரால் ஒட்டின சாமான், அது சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி இருக்கும். உயரம் தப்பாகக் காட்டும், கொஞ்ச மாதத்தில் கிழியும். பிறகு "காயில்ஓவர் போட்டேன், கடகடவென்று சத்தம்" என்று ஒரு பதிவு வரும்.

இன்னொன்று: ஷாக்கின் ராடில், சீலுக்கு மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் டேக் கட்டிவிட்டோம், ஒயர் கட்டுகிற அதே இரண்டு ரூபாய் டேக். ஷாக் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும், திரும்பும்போது டேக் அங்கேயே நிற்கும். ஓட்டி வந்து சக்கரத்தைக் கழற்றினால் எவ்வளவு தூரம் அமுங்கியது, கடைசியில் தடுக்கிற ரப்பரான பம்ப் ஸ்டாப்பைத் தொட்டதா என்று தெரிந்துவிடும். தலைகீழ் ஷாக்கில் இந்த வித்தை நடக்காது, ராடு உள்ளே ஒளிந்திருக்கும்.

பிப்ரவரி 4

பள்ளிகொண்டா வரை ஹைவேயில் போய்விட்டு, திரும்பும்போது வேண்டுமென்றே விரிஞ்சிபுரம் உள்ரோட்டில் வந்தேன். ஹைவேயில் தங்கம். பாலத்து ஜாயிண்ட்டில் ஒரே ஒரு 'டப்', அதோடு முடிந்தது. உள்ரோட்டில் முதுகெலும்பு கேள்வி கேட்டது.

"கம்ப்ரஷனை லூஸ் பண்ணுங்க தல" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள்.

பிப்ரவரி 11

கம்ப்ரஷன் இல்லை, ரீபவுண்ட்.

ஒரே ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி நன்றாக இருந்தது. அடுத்தடுத்து நாலைந்து ஒட்டுப்போட்ட இடம் வந்தால்தான் முதல் அடியைவிட மூன்றாவது அடி பலமாக விழுந்தது. கம்ப்ரஷன் கூடுதலாக இருந்தால் முதல் மேடே குத்தியிருக்கும். ரீபவுண்ட் கூடுதலாக இருந்தால் அமுங்கின சக்கரம் மெதுவாகத்தான் கீழே வரும். முழுக்க வருவதற்குள் அடுத்த மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். டேக் அதைத்தான் சொன்னது: பின்பக்கம் மேலே போய் ரப்பரை ஒட்டி நின்றது.

ரீபவுண்டை மூன்று கிளிக் திறந்தேன், கம்ப்ரஷனைத் தொடவே இல்லை. அதே ரோடு, அதே வேகம். டேக் பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. பின்னால் வைத்த தண்ணீர் பாட்டில்கூட உருளவில்லை.

ஆக, செட்டிங் தேடுகிற வழி எனக்கு இதுதான்: கம்ப்ரஷனைத் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் விடுங்கள். ரீபவுண்டை முழுக்கத் திறந்து ஓட்டுங்கள், ஹைவே மேட்டில் வண்டி படகு மாதிரி இரண்டாவது முறை எழும்பும். ஒவ்வொரு கிளிக்காக இறுக்கி, அந்த இரண்டாவது எழும்பல் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்குவதெல்லாம் நண்பர்களிடம் காட்ட. கிளிக்கை எண்ணும்போது முழுக்க மூடின இடத்திலிருந்து எண்ணி நோட்டில் எழுதுங்கள். மூடும்போது பலம் காட்டாதீர்கள், ஊசி முனை கெட்டுவிடும்.

பிப்ரவரி 12

"மூன்று கிளிக்குக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்றவருக்கு: ஆமாம்.

பிப்ரவரி 25

அலைன்மென்ட். இங்கேதான் 'ஒரே திருகில் ரோடு, ட்ராக்' கதை நொறுங்குகிறது.

ட்ராக்கில் வெளி டயரின் வெளித்தோள் தேயாமல் இருக்க முன்பக்கம் இரண்டரை டிகிரி அளவுக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) கேட்கும். ரோட்டுக்கு ஒன்றரை போதும். ஷாக்கின் மேல்முனை மாட்டுகிற டாப் மவுண்ட்டில் கேம்பர் பிளேட் இருந்தால் மாற்றலாம்தான். ஆனால் கேம்பரை மாற்றினால் டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், டோ தப்பினால் டயரின் உள்விளிம்பு சோப்பு மாதிரிக் கரையும். உள்விளிம்புத் தேய்மானத்துக்குப் பழி கேம்பர் மேல் விழும், தின்றது பெரும்பாலும் டோ. எனவே ட்ராக்குக்கு முந்தின நாள் ஒரு அலைன்மென்ட், வந்த பிறகு ஒரு அலைன்மென்ட். யார் செய்வது? நான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

நான் போன கடையில் மெஷின் நல்ல மெஷின், ஆனால் "ஆள் உட்கார வேண்டாம் சார், கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்றார்கள். பார்த்துக்கொள்ளாது. மூலைக்கு மூலை எடை பார்ப்பதாக இருந்தால் இன்னும் மோசம், டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் குறுக்கு எடை (எதிரெதிர் மூலைகளின் எடைக் கூட்டு) மாறிவிடும். அண்ணன் சொன்ன வழி: சீட்டில் அரிசி மூட்டை. 2022இல் 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்களே, அது மூன்று வைத்தால் 78 கிலோ. கிட்டத்தட்ட நான்தான். பெட்ரோல் பாதி டேங்க், ஆன்டி ரோல் பாரின் லிங்க்கை ஒரு பக்கம் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பார் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பொய் சொல்லும்.

ஆம்பூரிலிருந்து பிரியாணி அண்டா ஏற்றினால் எந்த மூலையைத் திருகுவது என்று கேட்டவருக்கு: அண்டாவை இடப்பக்க சீட்டில் வையுங்கள், பெல்ட் போடுங்கள், குறுக்கு எடை சரியாகிவிடும்.

மார்ச் 10

ஏலகிரி போயிருந்தேன். பதினாலு கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை, ஒவ்வொன்றிலும் குரங்கு. வேகம் குறைவான வளைவில் கிளிக் எதுவும் தெரியாது, ஸ்பிரிங்கும் டயரும்தான் பேசும். செட்டிங் பார்க்க அது இடமில்லை, எதிரே பஸ் வருகிற ரோடு. காபி நன்றாக இருந்தது.

மார்ச் 24

இருங்காட்டுக்கோட்டை. 1990இல் திறந்த ட்ராக், 3.7 கிலோமீட்டர், நம் ஹைவே ஓரத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து அதே செட்டிங்கில் ஓட்டிப்போய், அதே செட்டிங்கில் உள்ளே இறங்கினேன்.

முதலில் வளைவில் திருப்பினாலும் வண்டி முன்பக்கம் நேராகப் போகப் பார்த்தது. பக்கத்துப் பிட்டில் இருந்த பையன் முன் ரீபவுண்டை இறுக்கச் சொன்னான். நான் டயரைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் 30 பிஎஸ்ஐ வைத்தது 38க்கு மேல் போயிருந்தது. காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், மார்ச் வெயிலில் தார் ரோடு வேறு தன் பங்குக்குச் சூடேற்றும். சூட்டிலேயே 34க்கு இறக்கினேன். பாதிக் கோளாறு அங்கேயே போய்விட்டது.

பிறகுதான் கிளிக். முன்னும் பின்னும் ரீபவுண்ட் இரண்டு. மெயின் ஸ்ட்ரெயிட் முடிவில் வருகிற வேகமான வலது வளைவில் ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி தயங்காமல் உட்கார்ந்தது, அது நல்ல வித்தியாசம், மறுக்கவில்லை. கம்ப்ரஷனைக் கூட்டிப் பார்த்தேன், ட்ராக் ஓரத்துக் கர்ப் மேல் ஏறும்போது எகிறியது, திரும்பக் குறைத்துவிட்டேன். நேரத்தில் அதிகம் கிடைத்தது எதிலிருந்து என்று கேட்டால் டயர், அப்புறம் பிரேக் ஃப்ளூயிட் மாற்றியது, அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு கிளிக்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டயரில் காற்றை ஏற்றிவிடுங்கள். ராத்திரி ஆறினதும் 34 என்பது 26 ஆகிவிடும், தாழ்ந்த காற்றோடு பள்ளத்தில் விட்டால் அலாய் போச்சு.

மார்ச் 27

ஜனவரி 14 குறிப்புக்கு மறுயோசனை: பின்பக்கத்தை 5 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டேன். இப்போது முன்னால் 15, பின்னால் 10 கீழே. முன்பக்கம் திரும்புகிற ஆசை கூடியது, வீட்டு வாசல் சரிவில் அடி தட்டுவதும் நின்றது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை, பின்னால் எஞ்சின் கனம் இருக்கிற வண்டியில் பின்பக்கத்தை நிறைய உயர்த்தினால் வளைவில் பிரேக் போடும்போது வால் வெளியே வரப் பார்க்கும்.

ஏப்ரல் 7

சட்டம் கேட்டவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஷாக், ஸ்பிரிங் விவரம் ஆர்.சி.யில் இருக்காது என்று வாதாடலாம், செக்போஸ்ட்டில் வாதாடிப் பாருங்கள். அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். பாலிசியைப் பிரித்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள்: ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்கு. ட்ராக்கில் சுவரில் போய் விட்டால் செலவு உங்களுடையது. பழைய ஷாக்கைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போதும் தேவைப்படும்.

ஜூன் 16

கத்திரி வெயில் முடிந்து காற்றும் தூசியும். சக்கரத்தைக் கழற்றிக் குழாயின் மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், கல்குவாரி லாரி போகிற வழியில் வீடு இருப்பதால் மாவு மாதிரிப் படிந்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் என்பதால் தட்டு சுற்றியது. சீப்பான செட்டில் அலுமினியம் தட்டு, மட்ட ஸ்டீல் குழாய் வரும், ஒரு மழைக்காலம் போனால் இரண்டும் கட்டிக்கொள்ளும். அப்புறம் 'அட்ஜஸ்டபிள்' என்பது பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

ஜூன் 17

ராணிப்பேட்டை நண்பர் மறுபடி கேட்கிறார்: "இவ்வளவும் படித்தேன், நான் போடணுமா வேண்டாமா?"

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ட்ராக், மீதி நாள் வாலாஜா டோலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றால் வேண்டாம். பில்ஸ்டீன் பி6 ஷாக் நாலு வாங்கி, உங்கள் ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு போடுங்கள். பி8 வேண்டாம், அது தாழ்த்திய ஸ்பிரிங்குக்கான குட்டை ஷாக். மிச்சக் காசில் நல்ல டயர், பிரேக் ஃப்ளூயிட், ஒழுங்கான அலைன்மென்ட். என் வண்டியில் ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் இன்றைக்கு மாறுவது ரீபவுண்ட் இரண்டு கிளிக், டயர் காற்று. அதற்காக ஒரு ஆட்டோ விலை என்பது ஆசைக்குக் கொடுக்கிற காசு, தேவைக்கு இல்லை. ஆசை இருந்தால் போடுங்கள், தடுக்கவில்லை, நானும் கழற்றப் போவதில்லை.

ஷாக் ஆர்டர் போடும்போதே டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், புது நட் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். 2010 ரப்பர் கழற்றும்போது கையோடு வந்துவிடும், பார்ட் வரும்வரை வண்டி அண்ணன் கடையில் ஜாக்கி மேல் நிற்கும், அவர் லாரிக்கு இடம் இல்லை என்று தினம் போன் பண்ணுவார்.